ஓர்தியாவுக்கு வைத்த முகங்கள்: ஸ்பார்ட்டாவின் சுடுமண் முகமூடிகள் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

யூரோட்டாஸ் ஆற்றின் மேற்குக் கரையில், பழைய ஸ்பார்ட்டா நகரின் தாழ்ந்த ஓரத்தில், ஓர்தியா என்ற பெண்தெய்வத்தின் கோயில் இருந்தது. லிம்னாய் என்று அந்தப் பகுதிக்குப் பெயர். நீர் தேங்கும் சதுப்பு நிலம். ஏதென்ஸில் இயங்கும் பிரிட்டிஷ் ஆய்வுப் பள்ளி 1906 முதல் 1910 வரை அங்கே அகழாய்வு செய்தது. முதலில் ஆர். சி. போசன்கேயும் அடுத்து ஆர். எம். டாக்கின்ஸும் பொறுப்பில் இருந்தார்கள். கோயில் கட்டடத்தில் பெரிதாக ஒன்றும் மிஞ்சவில்லை. வழிபட வந்தவர்கள் வைத்துவிட்டுப் போன காணிக்கைகள்தான் தோண்டத் தோண்ட வந்துகொண்டிருந்தன. ஈயத்தில் வார்த்த சிறு உருவங்கள் மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல். தந்தச் செதுக்கல்கள், எலும்பில் செய்த பொருள்கள், மட்பாண்டங்கள். இவற்றோடு நூற்றுக்கணக்கான சுடுமண் முகமூடிகள். உடைசல்கள் அதற்கும் பல மடங்கு. கிரேக்க உலகில் வேறு எந்தக் கோயிலிலும் ஒரே இடத்தில் இத்தனை முகமூடிகள் கிடைத்ததில்லை.

இவற்றை யார் செய்யச் சொன்னார்கள், எந்தச் சடங்குக்காக, அந்தச் சடங்கில் இவற்றின் வேலை என்ன என்பதே இங்கே எடுத்துக்கொண்ட கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் கையில் இருப்பவை ஆடியவர்கள் முகத்தில் கட்டிய முகமூடிகள் அல்ல. ஆட்டம் முடிந்தபின் தெய்வத்துக்கென்று வைத்த காணிக்கைகள். ஆட்டத்தில் கட்டியவை மரமோ தோலோ துணியோ, எதுவானாலும் மக்கிப் போய்விட்டன. இந்த வேறுபாட்டை மனதில் வைக்காமல் படித்தால் ஓர்தியா வழிபாடே கோணலாகத் தெரியத் தொடங்கும். அதே கோயிலைப் பற்றிப் பின்னாளில் பரவிய சாட்டையடிக் கதைகள் முன்னால் வந்து நின்று முகமூடிகளை மறைத்துவிடும்.

மணலுக்குக் கீழும் மேலும்

அகழாய்வாளர்கள் வந்தபோது நிலத்துக்கு மேல் தெரிந்தது கிரேக்கக் கட்டடம் அல்ல, ரோமானியக் கட்டடம். கி.பி. 3ஆம் நூற்றாண்டில் பலிபீடத்தைச் சுற்றி, கோயில் முகப்பைப் பார்த்தபடி மக்கள் உட்கார்ந்து சடங்கைக் காண, வளைந்த வரிசைகளில் இருக்கைகள் எழுப்பியிருந்தார்கள். அதன் அடித்தளத்துக்கு அகப்பட்ட கல்லையெல்லாம் போட்டார்கள், கோயிலில் நட்டிருந்த பழைய கல்வெட்டுகள் உட்பட. அன்றைக்கு அது பாழ்படுத்தும் வேலையாக இருந்திருக்கலாம். நமக்கு அதனால் நன்மையே. கல்வெட்டுகள் அடித்தளத்துக்குள் பத்திரமாக இருந்தன. கட்டடத்தின் பாரம் கீழிருந்த தொல்பழம் அடுக்குகளைக் கலையாமல் காத்தது.

அந்த அடுக்குகளை இரண்டாகப் பிரிப்பது ஒரு மணல் படிவு. மணலுக்குக் கீழே மரச்சட்டமும் பச்சைச் செங்கல்லும் கொண்ட முதல் கோயில். மணலுக்கு மேலே கல்லில் கட்டிய இரண்டாம் கோயில். ஆற்றுவெள்ளத்துக்கு எட்டாத உயரத்துக்கு நிலத்தை மேடாக்கிவிட்டு அந்த இரண்டாம் கோயிலை எழுப்பினார்கள். இந்த மணல் கி.மு. 600 வாக்கில் படிந்தது என்று டாக்கின்ஸ் குழு கணித்தது. 1963இல் ஜான் போர்ட்மன் மட்பாண்டச் சான்றுகளை மறுபடி பரிசீலித்து, கி.மு. 570-560 வாக்கில்தான் அது நடந்திருக்க வேண்டும் என்று காட்டினார். அறிஞர்கள் பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டார்கள்.

முப்பது நாற்பது ஆண்டு வித்தியாசம்தானே என்று தோன்றலாம். முகமூடிகளுக்கு அது சிறிய விஷயம் அல்ல. ஒரு சில முகமூடிகள் கி.மு. 7ஆம் நூற்றாண்டிலேயே தலைகாட்டுகின்றன. பெருங்கூட்டமாக வருவது 6ஆம் நூற்றாண்டில். அதே காலத்தில் கோயிலுக்கு வரும் தந்தம் வற்றி, அதன் இடத்தை எலும்பு பிடித்துக்கொள்கிறது. கடல் கடந்து வரும் விலையுயர்ந்த பொருள் குறைகிறது. உள்ளூர்க் களிமண்ணில் உள்ளூர்க் குயவர் செய்யும் காணிக்கை பெருகுகிறது. முகமூடி வைக்கும் வழக்கம் இந்த மாற்றத்தின் நடுவில் வளர்ந்தது. அரச குடும்பங்களும் பெருஞ்செல்வர்களும் மட்டும் செய்யக்கூடிய காணிக்கையாக அது இருக்கவில்லை என்று நான் கருதுவதற்கு முதல் காரணம் இதுதான்.

கை டிக்கின்ஸ் பார்த்த ஏழு வகை

முகமூடிகளைப் பகுத்து எழுதும் பொறுப்பு கை டிக்கின்ஸ் என்ற இளம் ஆய்வாளரிடம் வந்தது. முதல் உலகப் போரில் 1916இல், சோம் போர்முனையில் பட்ட காயத்தால் அவர் இறந்துபோனார். அகழாய்வின் முழு அறிக்கை 1929இல் டாக்கின்ஸைப் பதிப்பாசிரியராகக் கொண்டு வெளிவந்தபோது, முகமூடிகள் பற்றிய இயல் டிக்கின்ஸ் பெயரில் அதில் இடம்பெற்றது. இன்றுவரை இந்த முகமூடிகளைப் பற்றிப் பேசும் எவரும் அவருடைய வகைப்பாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. கிழவிகள், இளைஞர்கள், போர்வீரர்கள், தனி ஆள் சாயல் கொண்ட முகங்கள், சட்டிர்கள் (பாதி மனிதன் பாதி விலங்கான காட்டு உருவங்கள்), கோர்கன்கள் (பாம்புத்தலை அரக்கிகள்), கேலி முகங்கள் என ஏழு.

இந்த ஏழில் கண்ணை முதலில் இழுப்பது அவர் கிழவிகள் என்று பெயரிட்டது. நெற்றியில் தொடங்கும் பள்ளமான கோடுகள் அருகருகே ஓடிக் கன்னத்தில் இறங்கி வாயைச் சுற்றி வளைகின்றன. தோலின் இயல்பான சுருக்கத்தை அப்படியே காட்டும் முயற்சியாக அவை தெரியவில்லை. ஈரக் களிமண்ணில் ஒரு கோட்டை இழுத்து, அதன் பக்கத்திலேயே அடுத்ததை இழுத்து, இடம் தீரும்வரை நிரப்பிக்கொண்டே போன கை அது. மூக்கு பெரிதாகப் புடைத்திருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. உள்ளே பல் ஒன்றிரண்டுதான். அழுகிறதா, இளிக்கிறதா, ஓலமிடுகிறதா என்று ஒரே பார்வையில் தீர்மானிக்க முடியாது. படத்தில் பார்க்கும்போதே அந்த முகத்தில் ஒரு வேகம் தெரிகிறது. இதைச் செய்த குயவர் ஆட்டத்தை நேரில் கண்டவர் என்று நான் நம்புகிறேன். கேள்விப்பட்டதை வைத்துச் செய்த முகத்துக்கு இந்த உயிர் வராது.

இவற்றுக்கு நேர் எதிராக நிற்பவை இளைஞர் முகங்கள். மழமழப்பான கன்னம், தாடி இல்லை, சலனம் இல்லை. போர்வீரர் வகையில் தாடி வைத்த, இறுக்கமான முகங்கள். கோர்கனும் சட்டிரும் கிரேக்கக் கலையில் எங்கும் காணும் உருவங்கள்தான், அவற்றில் நான் நிற்கப்போவதில்லை. எண்ணிக்கையிலும் சிரத்தையிலும் மேலோங்குவது சுருக்க முகம். அதன் எதிர்முனையில் அழகிய இளம் முகம். ஒரே கோயிலுக்கு, ஒரே நூற்றாண்டில், இந்த இரண்டையும் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள்.

சரி, இவை கிழவிகள்தானா? பெண் என்று அடையாளம் காட்டும் எந்தக் குறியும் பெரும்பாலானவற்றில் இல்லை. சுருக்கம் ஆணுக்கும் உண்டு, அரக்கனுக்கும் உண்டு. கிழவி என்ற அடையாளம் முகமூடிகளைப் பார்த்து வந்ததல்ல, ஒரு பழைய அகராதியிலிருந்து வந்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

அணியக்கூடியவையா

இந்த ஆய்வின் மையக் கேள்வி இது. சில முகமூடிகள் ஆள் முகத்துக்குப் பொருந்தும் அளவில் இருக்கின்றன. பல அதைவிடச் சிறியவை. மிகச் சிறியவையும் உண்டு. பலவற்றின் ஓரத்தில் துளைகள் இருக்கின்றன. அந்தத் துளை தலைக்குப் பின்னால் கட்டும் கயிற்றுக்கும் உதவும், சுவரிலோ மரத்திலோ தொங்கவிடவும் உதவும்.

சுட்ட களிமண் கனமானது, வளைந்து கொடுக்காது, இடித்தால் உடையும். இப்படிப்பட்ட ஒன்றை முகத்தில் கட்டிக்கொண்டு துள்ளி ஆடுவது கடினம். அணியவே முடியாது என்று இதற்கு அர்த்தமல்ல. ஸ்பார்ட்டாவுக்கு வடக்கே ஆர்கோஸ் சமவெளியில் உள்ள திரின்ஸ் கோட்டையில் ஒரு குழியிலிருந்து கி.மு. 700ஐ ஒட்டிய சுடுமண் முகமூடிகள் கிடைத்தன. இன்று அவை நாஃப்ளியோ அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. துருத்திய கண், கோரைப் பல், தலையில் கவிழ்த்துக்கொள்ளத் தோதான தலைக்கவசம் போன்ற வடிவம். அவற்றை ஆள் அணிந்து சடங்கில் நின்றிருக்க முடியும். ஓர்தியா கோயிலின் சில பெரிய முகமூடிகளும் ஒருவேளை அப்படிப் பயன்பட்டிருக்கலாம்.

ஆனால் சிறியவற்றுக்கு அந்த விளக்கம் பொருந்தாது. அவை அணிவதற்கென்று பிறந்தவையே அல்ல. அணிந்த ஒன்றை நினைவூட்டப் பிறந்தவை. சிறியதும் பெரியதும் ஒரே வகை முகங்களைத்தான் காட்டுகின்றன. ஆகவே இரண்டுக்கும் பொதுவான மூலம் ஒன்று இருந்திருக்க வேண்டும். அது களிமண்ணால் ஆனதாக இருக்கத் தேவையில்லை. டிக்கின்ஸும் ஏறக்குறைய இந்தப் பக்கம்தான் சாய்ந்தார். பின்வந்தவர்களில் பலரும் இதை ஏற்கிறார்கள். நான் இதோடு சேர்க்க விரும்புவது, இதே கோயிலிலிருந்து கிடைக்கும் இன்னொரு காணிக்கையின் சான்று. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஏடுகளில் எஞ்சிய சில வரிகள்

ஸ்பார்ட்டாக்காரர்கள் தங்கள் சடங்குகளைப் பற்றி எழுதிவைக்கவில்லை. நமக்கு வருவது பிறர் எழுதிய துணுக்குகள். அதிலும் முக்கியமானவை அலெக்சாந்திரியாவின் ஹெசிக்கியஸ் தொகுத்த அருஞ்சொல் அகராதியில் இருக்கின்றன. அவர் காலம் கி.பி. 5 அல்லது 6ஆம் நூற்றாண்டு. முகமூடிகளுக்கும் அவருக்கும் நடுவே ஆயிரம் ஆண்டுக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் அவர் பழைய தொகுப்புகளிலிருந்து எடுத்தெழுதியவர் என்பதால் ஒதுக்கிவிட முடியாது.

பிரூதலிக்கா என்ற சொல்லை, சிரிப்புக்கிடமான அவலட்சணமான பெண் முகத்தோடு இணைத்து அவர் விளக்குகிறார். பிரில்லிக்கிஸ்தாய் என்போர் அவலட்சணமான பெண் முகமூடிகளைக் கட்டிக்கொண்டு தெய்வத்துக்குப் பாட்டுப் பாடுகிறவர்கள். கிரிட்டோய் என்போர் மர முகமூடி அணிந்து கோரித்தாலியா என்ற ஆர்ட்டெமிஸுக்கு (பின்னாளில் ஓர்தியாவோடு ஒன்றாக எண்ணிய வேட்டைத் தெய்வம்) விழா எடுப்பவர்கள், ஆனால் இவர்களை இத்தாலியில் இருந்தவர்களாக அவர் சொல்கிறார். போசன்கே அகழாய்வின் தொடக்கத்திலேயே இந்த வரிகளைச் சுருக்க முகங்களோடு பொருத்தினார். டிக்கின்ஸின் கிழவிகள் பிறந்தது அப்படித்தான். இந்தப் பொருத்தம் நிறுவப்பட்டது அல்ல. ஆனாலும் வலுவானது. ஆண்கள் பெண் முகம் கட்டி, அதையும் அழகாக இல்லாமல் கோரமாகக் கட்டி, துதிப்பாட்டுப் பாடினார்கள் என்ற செய்தி வேறு எங்கிருந்து வந்திருக்கும்? இதில் எனக்கு முக்கியமாகப் படுவது அந்த மர முகமூடி. மக்கிப் போகக்கூடிய முகமூடியை அணிந்து இதே தெய்வக் குடும்பத்துக்கு ஆடிய வழக்கம் ஏட்டிலேயே இருக்கிறது.

கி.பி. 2ஆம் நூற்றாண்டின் போலக்ஸ் என்ற அகராதியாளர், ஸ்பார்ட்டாவைச் சூழ்ந்த லக்கோனிய நாட்டின் ஆட்டங்களைப் பட்டியலிடும்போது பரில்லிக்கா என்ற ஆட்டத்தைக் குறிப்பிட்டு, அதை ஆர்ட்டெமிஸுக்கும் அப்பல்லோவுக்கும் பெண்கள் ஆடினார்கள் என்கிறார். ஹெசிக்கியஸிடம் ஆண்கள், போலக்ஸிடம் பெண்கள். இருவரில் ஒருவர் தவறு என்று தள்ளவேண்டிய அவசியமில்லை. ஒரு கோயிலில் தலைமுறை தலைமுறையாக நடக்கும் ஆட்டத்தில் ஆள் மாறுவதும் முறை மாறுவதும் இயல்பு.

ஸ்பார்ட்டாவைச் சேர்ந்த சொசிபியஸ் சொன்னதாக அதெனேயஸ் இன்னொரு செய்தி தருகிறார். ஸ்பார்ட்டாவில் பழைய பாணியில் ஒரு வேடிக்கை ஆட்டம் இருந்தது. பழம் திருடுகிறவர்கள் அகப்படுவதையும், வெளியூர் வைத்தியர் பேசுவதையும் எளிய பேச்சில் நடித்துக் காட்டினார்கள். நடிப்பவர்களுக்குத் தெய்க்கெலிக்தாய் என்று பெயர். சிலர் இதை ஓர்தியா முகமூடிகளோடு முடிச்சுப் போட்டு, கிரேக்க நகைச்சுவை நாடகத்தின் வேர் இங்கே என்று எழுதியிருக்கிறார்கள். அவ்வளவு தூரம் நான் போக மாட்டேன். சொசிபியஸ் எந்தக் கோயிலையும் குறிப்பிடவில்லை. கேலி முகங்கள் என்ற வகைக்கு மட்டும் இது ஒரு பின்புலமாகலாம்.

முகமூடியைத் தெய்வத்தின் பெயரால் அணிவது என்றால் என்ன என்பதை ஒரு கிரேக்கரே நேராகச் சொல்லும் இடம் ஒன்று உண்டு. அது ஸ்பார்ட்டாவில் இல்லை, பக்கத்து ஆர்க்கேடியாவில். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் பயணம் செய்த பவுசானியாஸ், ஃபெனியோஸ் ஊரில் பெட்ரோமா என்ற இரண்டு கற்களைப் பற்றிச் சொல்கிறார். ஒன்றோடொன்று பொருத்தி வைத்த பெருங்கற்கள். பெரிய சடங்கு நடக்கும் ஆண்டில் அவற்றைத் திறந்து, உள்ளே இருக்கும் எழுத்துகளை எடுத்து, சடங்கில் சேர்ந்தவர்கள் கேட்க வாசித்து, அன்று இரவே திரும்ப வைத்துவிடுவார்கள். கல்லின் மேல் உருண்டை மூடி. அதற்குள் தானியத் தெய்வமான தெமித்தர் கிதாரியாவின் முகமூடி. பூசாரி அதை அணிந்துகொண்டு, ஏதோ ஒரு முறைப்படி, பூமிக்கு அடியில் இருப்பவர்களைக் கோலால் அடிக்கிறார்.

இந்தச் சில வரிகளில் எவ்வளவு இருக்கிறது! முகமூடி ஆண்டு முழுக்கக் கல்லுக்குள் இருக்கிறது. அது தெய்வத்தின் உடைமை. உரிய நாளில் உரிய ஆள் மட்டும் எடுக்கிறார். ஆண் பூசாரி பெண்தெய்வத்தின் முகத்தோடு நிற்கிறார். ஃபெனியோஸில் ஒரே ஒரு முகமூடி, அதைத் திரும்பத் திரும்ப அணிகிறார்கள். ஓர்தியாவிடம் நூற்றுக்கணக்கில், ஒவ்வொன்றும் ஒருமுறை வைத்துவிட்டுப் போனது. இரண்டும் ஒரே வகைப் பயன்பாடு அல்ல என்பதை இந்த எண்ணிக்கை ஒன்றே சொல்லிவிடுகிறது.

சுருக்கங்கள் எங்கிருந்து வந்தன

1987இல் ஜேன் கார்ட்டர் முன்வைத்த வாதம் இந்த ஆய்வின் திசையைத் திருப்பியது. சுருக்க முகத்துக்குக் கிரேக்கத்தில் முன்மாதிரி இல்லை, அது கிழக்கிலிருந்து, இன்றைய லெபனான் கரையின் கடல் வணிகரான பினீசியர் வழியாக வந்தது என்றார் அவர். அவர் காட்டும் மூதாதை, மெசொப்பொத்தேமியாவின் ஹும்பாபா. பழைய மெசொப்பொத்தேமியக் காவியத்தின் நாயகர்களான கில்காமேஷும் என்கிதுவும் கொன்ற தேவதாருக் காட்டுக் காவலன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில், சிப்பார் நகரிலிருந்து வந்த ஒரு சிறு களிமண் முகம் இருக்கிறது. கி.மு. 1800க்கும் 1600க்கும் இடைப்பட்டது. முகம் முழுவதும் மடிந்து மடிந்து ஓடும் ஒரே குடல். பலியிட்ட விலங்கின் குடல் இப்படி ஹும்பாபா முகம்போல் அமைந்தால் என்ன பலன் என்று பின்புறத்தில் எழுதியிருக்கிறது. எழுதிய குறிசொல்லியின் பெயர் வாரத்-மர்துக். அந்தக் குடல் மடிப்புகளையும் ஓர்தியாவின் பள்ளக் கோடுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தவர்களுக்கு உறவு இல்லை என்று சொல்ல மனம் வராது.

ஆயிரம் ஆண்டு இடைவெளியை எப்படி நிரப்புவது? கானான் நாட்டின் ஹட்சோரில் 1950களில் யிகயேல் யாதின் நடத்திய அகழாய்வில் வெண்கலக் காலத்தின் பிற்பகுதியைச் சேர்ந்த சுடுமண் முகமூடி ஒன்று குயவர் பட்டறையிலேயே கிடைத்தது. மறுமுனையில், கார்த்தேஜிலும் சிசிலியின் மோத்யாவிலும் சார்தீனியாவிலும் பினீசியக் குடியேறிகள் விட்டுச்சென்ற இளிக்கும் முகமூடிகள் ஓர்தியா முகமூடிகளின் காலத்தவை. ஸ்பார்ட்டாவுக்குப் பினீசியர் அந்நியரும் அல்லர். லக்கோனியக் கரைக்கு எதிரே உள்ள கிதேரா தீவில் அப்ரோதித்தே கோயிலை நிறுவியவர்கள் சிரியாவிலிருந்து வந்த பினீசியரே என்கிறார் ஹெரொதோத்தஸ். லக்கோனியக் கடலில் கிடைக்கும் சாயச்சங்கு பினீசியக் கடலுக்கு அடுத்தபடியாகச் சிறந்தது என்கிறார் பவுசானியாஸ். சாயம் வாங்க வந்தவர்கள் கோயிலுக்கும் வந்திருப்பார்கள். 7ஆம் நூற்றாண்டின் தந்தங்கள் அந்தத் தொடர்புக்கு நேரடிச் சாட்சி.

வடிவம் கிழக்கிலிருந்து வந்தது என்பதை நான் ஏற்கிறேன். அதற்கு அடுத்த படியில்தான் தயங்குகிறேன். வடிவத்தோடு கிழக்கத்திய வழிபாடும் அப்படியே வந்தது, ஓர்தியா ஒரு பினீசியத் தாய்த்தெய்வம், இளைஞர் முகமும் அரக்க முகமும் ஒரு தெய்வத் திருமணச் சடங்கின் பாத்திரங்கள் என்று கார்ட்டர் கட்டி எழுப்புகிறார். முதல் முகமூடியைக் கண்டு செய்த குயவருக்கு ஹும்பாபா யார் என்று தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. இளைஞர் முகங்களும் போர்வீரர் முகங்களும் ஸ்பார்ட்டாவின் சொந்தச் சரக்கு. கோரத்தை வெளியிலிருந்து எடுத்து, அதற்கு எதிராக நிறுத்தும் அழகைத் தங்களிடமிருந்தே எடுத்திருக்கிறார்கள். அந்த இணைப்புதான் ஸ்பார்ட்டாக்காரர்களின் வேலை என்று கருதுகிறேன்.

சாட்டையின் நிழல்

ஓர்தியா என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது பலிபீடத்தருகே சிறுவர்களைச் சாட்டையால் அடித்த கதை. பவுசானியாஸ் சொல்லும் வடிவம் இது. புராணத்தின் அண்ணன் தங்கையோ அக்காள் தம்பியோ போன்ற உடன்பிறப்புகளான ஒரெஸ்தேஸும் இஃபிகேனியாவும் தவ்ரிக்காவிலிருந்து (இன்றைய கிரிமியா) கொண்டுவந்த மரச்சிலை அது. புதரில் அதைக் கண்டெடுத்த அஸ்த்ரபாக்கஸும் அலொபெக்கஸும் பித்துப் பிடித்தார்கள். பலியிட வந்த நான்கு ஊரார் சண்டையிட்டுப் பலிபீடத்திலேயே வெட்டிக்கொண்டு மாண்டார்கள். பலிபீடம் மனித இரத்தம் காண வேண்டும் என்று தெய்வவாக்கு வந்தது. சீட்டுப் போட்டு நரபலி கொடுத்ததை, ஸ்பார்ட்டாவுக்குச் சட்டம் வகுத்தவராகச் சொல்லப்படும் லிக்குர்கஸ் மாற்றி, சிறுவர்களை அடிக்கும் வழக்கமாக்கினார். பெண் பூசாரி சிறிய அந்தச் சிலையைக் கையில் ஏந்தி நிற்பார். அழகுக்கோ குலத்துக்கோ பார்த்து ஒரு சிறுவனை மெதுவாக அடித்தால் சிலை கனத்துவிடும்.

மனதை உலுக்கும் கதை, மறுக்கவில்லை. காலத்தைப் பாருங்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் செனபோன் சொல்வது ஓர்தியாவின் பலிபீடத்திலிருந்து பாலாடைக்கட்டி திருடும் போட்டியும், திருட வருபவர்களை மற்றவர்கள் அடிப்பதும் மட்டும். சாவு இல்லை, இரத்தப் பலி இல்லை. இரத்தம் ஒழுகும்வரை அடிப்பதைச் சொல்பவர் கி.மு. 1ஆம் நூற்றாண்டின் சிசெரோ. பலர் அடிபட்டுச் சாவதைத் தானே பார்த்ததாகச் சொல்பவர் அவருக்கும் பின்வந்த புளூட்டார்க். கி.பி. 4ஆம் நூற்றாண்டில் லிபானியஸ் அந்த விழாவைக் காணவே ஸ்பார்ட்டா போகிறார். முன்னே சொன்ன ரோமானிய இருக்கைகள் இப்படி வந்தவர்களுக்காகக் கட்டியவை. வெளியூர்க்காரர்கள் பார்க்க வந்த காலத்தில் சடங்கு கொடூரமாகிக்கொண்டே போயிருக்கிறது. ஸ்பார்ட்டா தன் பழம்பெருமையைக் காட்சியாக்கிய காலம் அது.

முகமூடிகள் இதற்கெல்லாம் நெடுங்காலம் முந்தியவை. சுருக்க முகத்தின் திறந்த வாயை அடிபடும் சிறுவனின் ஓலத்தோடு இணைப்பவர்கள் அரை ஆயிரம் ஆண்டைத் தாண்டிக் குதிக்கிறார்கள். ஆர்ட்டெமிஸ் என்ற பெயரே இங்கே பிந்தி வந்தது. பழைய காணிக்கைகளில் தெய்வத்தின் பெயர் ஓர்தியா என்பதன் பழைய வடிவங்களில் தனித்து நிற்கிறது. ஆர்ட்டெமிஸ் ஓர்தியா என்று சேர்த்து எழுதுவது ரோமானியர் காலத்தில்.

பிரெஞ்சு அறிஞர் ழான்-பியேர் வெர்னான் முகமூடிகளுக்குத் தரும் விளக்கம் இதைவிட ஆழமானது. ஸ்பார்ட்டாவின் வளரும் சிறுவன் ஆண்மையின் இலட்சிய முகத்தையும், அதற்கு வெளியே உள்ள கிழம், கோரம், பெண், விலங்கு, கேலிக்குரியவன் ஆகிய முகங்களையும் மாறிமாறி அணிந்து பார்க்கிறான். தான் எதுவாக வேண்டும், எதுவாகக் கூடாது என்பதை உடம்பால் கற்கிறான். ஏழு வகை முகங்களும் ஏன் ஒரே கோயிலில் இருக்கின்றன என்பதற்கு இதுவரை வந்த விளக்கங்களில் இதுவே பெரும்பகுதியைத் தொடுகிறது. ஆனால் அவரும் சாட்டையடியைப் பழைய காலத்துக்குப் பின்னோக்கி இழுத்துத்தான் தன் கட்டடத்தை எழுப்புகிறார். அந்தத் தூணை எடுத்துவிட்டாலும் கட்டடம் நிற்கும் என்பது என் எண்ணம்.

அதற்குத் துணை வருவதுதான் நான் ஒத்திவைத்த சான்று. ரோமானிய அடித்தளத்திலிருந்து மீட்ட கல்வெட்டுகளில் பெரும்பகுதி சிறுவர் போட்டிகளில் வென்றவர்கள் ஓர்தியாவுக்கு நட்டவை. கி.மு. 4ஆம் நூற்றாண்டிலிருந்து ரோமானியர் காலம்வரை தொடர்கின்றன. மோவா, கெலோயா, கத்தெராத்தோரியன் என்று போட்டிகளின் பெயர்கள் வருகின்றன. முதலாவது பாட்டு, மூன்றாவது வேட்டையோடு தொடர்புடையது. வென்றவனுக்குப் பரிசு ஓர் இரும்பு அரிவாள். அவன் அதை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. கல்லில் அரிவாளின் வடிவத்துக்குக் குழி வெட்டி, அதில் பதித்து, தன் பெயரும் போட்டியின் பெயரும் பொறித்துத் தெய்வத்திடம் வைத்தான். அரிவாள் பதித்த குழிகளை இன்றும் கற்களில் காணலாம்.

ஆட்டமோ பாட்டோ போட்டியோ எதுவாயினும், முடிந்ததும் அதன் அடையாளத்தை ஓர்தியாவிடம் விட்டுப் போவது இந்தக் கோயிலின் நெடுநாள் பழக்கம். ஏதென்ஸிலும் இதே பழக்கம் இருந்தது. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் ஒரு நகைச்சுவை நாடகத்துக்குச் செலவு ஏற்று வென்ற ஒருவர், நடிகர்களின் கோலப் பொருள்களைக் காணிக்கையாக வைத்த செலவும் சேர்த்துப் பதினாறு மினா (அக்காலப் பண அளவு) ஆனது என்று நீதிமன்றத்தில் சொல்கிறார். அந்த உரையை எழுதிக் கொடுத்தவர் லிசியஸ். அங்கே ஆடிய பொருளையே வைத்தார்கள். ஓர்தியாவிடம் ஆடிய பொருள் அடுத்த ஆண்டுக்கும் வேண்டியிருந்திருக்கும், அல்லது அந்தச் சதுப்பில் நாளாகாமலே அழுகியிருக்கும். ஆகவே அதன் முகத்தைக் களிமண்ணில் செய்து சுட்டு வைத்தார்கள். பெரிதாகச் செய்ய வசதியுள்ளவர் பெரிதாக, இல்லாதவர் உள்ளங்கை அளவில். ஈய உருவம் ஒரு லட்சம் வைத்த கோயிலில் இது புதுமை அல்ல.

இப்படிக் கொண்டால் கிழவியா அரக்கனா என்ற சண்டையும் தணிகிறது. கோர முகம் கட்டி ஆடியவர் அதை வைத்தார். இளைஞர் முகம் கட்டியவர் அதை வைத்தார். எண்ணிக்கையில் கோரம் மிகுந்திருப்பது, ஆட்டத்தில் அந்தப் பாத்திரத்துக்கு ஆள் அதிகம் என்பதைக் காட்டலாம். இலட்சிய இளைஞனாக ஒருவன் நிற்க, அவனைச் சூழ்ந்து பலர் கோர முகத்தோடு பாடி ஆடியிருக்கலாம். ஹெசிக்கியஸின் பாடகர்கள் ஒருமையில் இல்லாமல் பன்மையில் வருவதும் இதற்கு ஒத்துப்போகிறது.

இந்த வாதத்தைச் சோதிக்கும் வழி துண்டுகளிலேயே இருக்கிறது. 1929 அறிக்கை முகமூடிகளை வகைவாரியாக அடுக்கிவிட்டதால், எந்தக் கோர முகத்தின் பக்கத்தில் எந்த இளைஞர் முகம் கிடந்தது என்பது அதைப் படித்தால் தெரியாது. அகழாய்வுக் குறிப்பேடுகளையும் மட்பாண்ட அடுக்குகளையும் வைத்து அந்தக் கூட்டங்களை மறுபடி சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆள் அளவு முகமூடிகளின் துளைகளை உருப்பெருக்கியில் பார்க்க வேண்டும். தலைக்குப் பின்னால் கட்டிய கயிறு துளையின் வெளிப்பக்க ஓரத்தைத் தேய்க்கும், ஆணியில் தொங்கவிட்ட கயிறு மேல் ஓரத்தைத் தேய்க்கும். உட்புறம் வியர்வைக்கும் உராய்வுக்கும் ஆளாகியிருந்தால் மூக்குத் தண்டிலும் நெற்றியிலும் பளபளப்பு இருக்கும். ஆள் அளவு முகமூடிகளில் அந்தத் தேய்மானம் பரவலாகத் தெரிந்தால், மேலே சொன்ன என் முடிவைச் சிறியவற்றோடு நிறுத்திக்கொண்டு, பெரியவற்றைத் திரின்ஸ் முகமூடிகளோடு சேர்த்துத் தனியாகப் பேச வேண்டிவரும்.